காய்ச்சல் இறங்கினால் போதுமா?

வண்டி சமாசாரமெல்லாம் ஆம்பிளைகள் பாடு என்று இருந்தவள்தான் நானும். போன ஆனிச் சாரலில் என் சின்ன மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட அன்றோடு அந்த எண்ணம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அம்பாசமுத்திரம் போய்ச் சாமான் வாங்குவதும் அதில்தான். பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டதால், சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, போர் போட்டு, புதுப் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினோம். வந்த மறுநாளே, ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் 'கர்ர்' என்று இரைந்தது. "புதுசுல்லா, போகப் போகச் சரியாயிரும்" என்றார் இவர்.

ஒரு காலையில் மகளை வண்டியின் முன்னால் நிற்க வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே போனார். நான்தான் வண்டியைப் பிடித்திருந்தேன். திடீரென்று கயிறறுத்த கன்றுக்குட்டி மாதிரி வண்டி என்னை இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுத் திண்ணையில் முட்டியது. குழந்தைக்குச் சிராய்ப்போடு போனது அந்த பரமகல்யாணி புண்ணியம்.

மொபெட்டில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கட்டைகள் தானே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் உருள ஆரம்பித்துவிடும். இரைச்சல் என்று நாம் நினைப்பது உண்மையில் ஆபத்து.

வேலை பார்த்த மெக்கானிக் தம்பி கார்ப்பரேட்டர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, "ஸ்லோவைக் குறைச்சாச்சு அக்கா" என்றார். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு சூடேறினால் பழையபடி இரைச்சல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டு, ஏன் வந்தது என்று பார்க்காமல் விடுவோமா? இதுவும் அப்படித்தானே என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஊருக்கும் இன்ஜினுக்கும் பழைய உறவு உண்டு. சென்னையில் சிம்ப்சன், இந்தியா பிஸ்டன்ஸ், டாஃபே டிராக்டர் என்று தொழில் வளர்த்து 1964-இல் மறைந்த அனந்தராமகிருஷ்ணன் இந்த மண்ணின் பிள்ளை. அவர் பேரை அடிக்கடி சொல்லும் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் திருகைத் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினார். சத்தம் கூடியிருந்தால் ஆக்சிலேட்டர் ஒயர் இழுத்துக் கட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். கூடவில்லை. கைப்பிடியை முறுக்கி விட்டால் உடனே திரும்பியது, அதுவும் சரி. பிளக்கைக் கழற்றினார். காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"எங்கியோ ஏர் இழுக்கு தாயி. வீட்டுல கேஸுக்குச் சோப்புத் தண்ணி வச்சுப் பாப்பியள்லா, அதக் கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்ப்பரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் சொட்டு விட்டார். கேஸில் குமிழி வரும். இங்கே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, இரைச்சல் சட்டென்று தணிந்தது! அந்த இடத்துப் பேக்கிங்கை மாற்றாமல் பழையதையே போட்டு, ஒரு பக்கம் மட்டும் முடுக்கியிருந்தார்கள். இடுக்கு வழியே காற்று கூடப் போக, பெட்ரோல் கலவை மெலிந்துவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. அது குறைந்தால் சூடு ஏறி, புதுப் பிஸ்டனும் மறுபடி பிடித்துக்கொள்ளும். திருகைத் தளர்த்தியே ஓட்டியிருந்தால் சீட்டுப் பணம் முழுக்கப் புகைந்திருக்கும்.

புதுப் பேக்கிங், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கல், கடைசியாகத் திருகு. அரை மணி நேர வேலை. வண்டி இப்போது பூனைபோல நிற்கிறது.

சகோதரிகளே, இன்ஜின் வேலை பார்த்து வந்த வண்டி இரைந்தால், "ஸ்லோவைக் குறைச்சாச்சு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ஒயர் பார்த்தாச்சா, பேக்கிங் மாற்றியாச்சா, பிளக் என்ன நிறம் என்று கேளுங்கள். சூடான இன்ஜினில் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். முக்கியமாக, ஓடும் மொபெட்டில் பிள்ளையை நிற்க வைத்துவிட்டு யாரும் உள்ளே போக வேண்டாம்.

என் மகள் இப்போது சாவி திருகுமுன் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அப்பா ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் ஏறுவாள்.