மார்கழிப் பனியும் வெள்ளை மையும்

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டி 12 பேர். போன தை மாதம் 11 ஆனோம். போனவரின் நினைவாகக் கருநீல டீ-ஷர்ட் அடிப்போம், படம் நான் போடுகிறேன் என்றேன். ரிட்டயர் ஆனபின் கற்ற கம்ப்யூட்டர் வித்தை வேறெதற்கு?

மார்கழிப் பனியில் மப்ளரோடு அவர் நடந்து வருகிறார். ஓரங்கள் பனியில் கரைகின்றன. வெள்ளை மை மட்டும் போதும். திரையில் பிரமாதம்! ஜேபெக்காக அனுப்பினேன். அதில் பின்னணி காலியாக இருக்காதாம், பிஎன்ஜி கேட்டார்கள். அனுப்பினேன். சாம்பிளைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பனி, முகம் எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு கொட்டியது போல. இதை எப்படி அவர் வீட்டில் காட்டுவது?

அச்சுக்கடைத் தம்பி சிரித்தார். "ஸ்கிரீன்ல ஓட்டை திறந்திருக்கும், இல்லேன்னா அடைச்சிருக்கும் சார். பாதி மைன்னு ஒண்ணு கிடையாது."

பனியைப் புள்ளிகளாக உடைக்க வேண்டுமாம். ஹாஃப்டோன். அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளி, கரையும் இடத்தில் சின்னது. நடுவில் துணியின் நீலமே தெரியும். பழைய தினசரிப் படங்களை பூதக்கண்ணாடியில் பார்த்தவர்களுக்குப் புரியும். ரொம்பப் பொடிப் புள்ளி துணியில் நிற்காது என்று அங்குலத்துக்கு 35 வரிசை வைக்கச் சொன்னார். இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

அடித்தது 12.

அவர் மனைவி கண்ணருகே வைத்துப் பார்த்தார், வெறும் புள்ளிகள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"மப்ளரைக்கூட விடலையே நீங்க" என்றார்.