எட்டாக்கையில் ஒரு வேலை
வட ஆஸ்திரேலியப் பயணத் தொடர்

டார்வினிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுமார் 1,500 கிலோமீட்டர். அங்கிருந்து உளுரு பாறைக்கு இன்னும் 450. சென்ற பகுதியில் இந்தத் தூரத்தைப் பயணியின் கணக்கில் பார்த்தோம்: பெட்ரோல் எங்கே கிடைக்கும், தண்ணீர் எங்கே நிரப்பலாம், கங்காருக்களுக்குப் பயந்து எந்தப் பொழுதில் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று. இந்த முறை அதே தூரத்தை, அங்கே வேலைக்குப் போகிறவரின் கணக்கில் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பயணியும் கூலியாளும் பல சமயம் ஒரே ஆள்தான். நெடுஞ்சாலை ரோட்ஹவுஸில் சாப்பாடு பரிமாறுகிறவர்களிலும், விடுதி அறையைத் துப்புரவு செய்கிறவர்களிலும், கேத்தரின் ஊர்ப் பக்கத் தோப்புகளில் மாங்காய் பறிக்கிறவர்களிலும் ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்த வெளிநாட்டு இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களை வெயிலும் முதலையும் பயமுறுத்தும் அளவுக்குத் தொலைவு பயமுறுத்துவதில்லை. ஆனால் அவர்களில் அதிகம் பேரைத் தொடுகிற ஆபத்து தொலைவுதான் என்பது என் கட்சி. பாலைவனத்துக்குள் போவதற்கு எவ்வளவு ஏற்பாடு செய்கிறோமோ, அவ்வளவு ஏற்பாடு அங்கே ஒரு வேலையில் சேர்வதற்கும் வேண்டும்.

முதலில் நிலத்தின் ஆபத்துகளை எடுத்துக்கொள்வோம். வடக்குப் பிரதேசம் தமிழ்நாட்டைப்போலப் பத்து மடங்கு பரப்பு. மக்கள்தொகையோ இரண்டரை லட்சம் அளவில்தான். டார்வினில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை கொட்டும். மகரரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மேலே சதுப்பும் முதலையும், கீழே செம்மணலும் வெக்கையும். 1971-ல் வேட்டை தடை செய்யப்பட்டபோது சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த உப்புநீர் முதலைகள் இன்று ஒரு லட்சம் அளவுக்குப் பெருகிவிட்டன. அப்படியும் மனிதர்கள் அவற்றோடு வாழ முடிகிறது என்றால், அதற்கு விதிகள் காரணம். ஆற்றங்கரை தோறும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடையை, 36 டிகிரி வெயில் எதிர்பார்க்கப்படும் நாளில், காலை 9 மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். கட்டா ஜுட்டாவின் காற்றுப் பள்ளத்தாக்குப் பாதையில் அதே வெயிலுக்கு 11 மணிக்கு மேல் உள்ளே போக முடியாது. பல வாடகைக் கார் நிறுவனங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு இல்லை என்று எழுதி வைத்துவிடுகின்றன. அதாவது இங்கே நிலம் தரும் ஆபத்துகளை அளந்து, எண் போட்டு, பலகையில் எழுதியாகிவிட்டது. படித்து நடப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

வேலைக்கு அப்படியொரு பலகை வெகுகாலம் இல்லை. ஒர்க்கிங் ஹாலிடே திட்டத்தை ஆஸ்திரேலியா 1975-ல் தொடங்கியது. பிரிட்டன், கனடா, அயர்லாந்து இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்பதுதான் ஆரம்ப எண்ணம். 2005-ல் கணக்கு மாறியது. நகரத்துக்கு வெளியே குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம், அதாவது 88 நாள் செய்தால் இரண்டாம் ஆண்டுக்கு விசா கிடைக்கும் என்றார்கள். 2019-ல் ஆறு மாத வேலைக்கு மூன்றாம் ஆண்டும் சேர்ந்தது. உள்ளூர் ஆள் போகத் தயங்கும் இடத்துக்கு வெளியூர் ஆளை அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது. விசாவே அங்கே கூலியின் ஒரு பங்கு. இதற்கு நல்ல சான்று 2024-ல் நடந்தது. வர்த்தக ஒப்பந்தத்தின் பலனாக அந்த ஜூலை முதல் பிரிட்டன் இளைஞர்கள் 88 நாள் வேலை செய்யாமலே மூன்று ஆண்டு தங்கலாம் என்றானது. அதே ஆண்டு செப்டம்பரில், இன்னொரு வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 18 முதல் 30 வயதுக்குள் இருக்கும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 விசா என்று கதவு திறந்தது. குலுக்கலில்தான் ஆள் தேர்வு. இவர்களுக்கு 88 நாள் நிபந்தனை உண்டு. பேரம் பேச வலுவுள்ள நாட்டின் பிள்ளைகள் விலகிக்கொண்ட இடத்துக்குத்தான் நம் பிள்ளைகள் குலுக்கல் போட்டுப் போகிறார்கள்.

அந்த இடத்தில் தொலைவு என்ன செய்கிறது? பஸ் வராத தோப்பில் தங்கும் அறை முதலாளியுடையது அல்லது ஆள் பிடித்துக் கொடுப்பவருடையது. ஊருக்குப் போய்வரும் வேன் அவருடையது. 88 நாள் வேலை செய்ததற்குச் சான்றும் அவர் கையில். மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது சட்டப்படியான கூலியைக் கேட்பதற்கு முன், இன்று இரவு எங்கே படுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் தொழிலுறவுக் கண்காணிப்பு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன் 2016-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதை எண்களில் சொன்னது. இந்த விசாவில் வந்தவர்களைக் கேட்டதில், குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகவே வாங்கியதாக 35 சதவீதம் பேர் சொன்னார்கள். வேலை கிடைக்கவே முன்பணம் கட்டியதாக 14 சதவீதம் பேர். வேலை செய்ததாகக் கையெழுத்து வாங்க முதலாளிக்கே பணம் கொடுத்ததாக 6 சதவீதம் பேர். பழத் தோட்டங்களில் திருப்பூர்க்காரர்களுக்கு நன்கு பழகிய பீஸ் ரேட் முறைதான் பரவலாக இருந்தது: எத்தனை பெட்டி நிரப்பினாயோ அத்தனைக்குக் காசு. பழம் குறைவாகக் காய்த்த மரத்தில் நாளெல்லாம் நின்றாலும் கூலி தேறாது. எவ்வளவு பறித்தாலும் மணிக்கணக்குக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி 2022 ஏப்ரல் 28-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

தொலைவு கூலியைத் தின்பது இந்த மண்ணில் புதிதல்ல. வடக்கின் மாட்டுப் பண்ணைகள் பல பத்தாண்டுகள் பழங்குடி மக்களின் உழைப்பில் ஓடின. மாவும் சர்க்கரையும் தேயிலையுமாக ரேஷன், வெள்ளையருக்குக் கொடுப்பதில் சிறு பகுதியே ஆன காசு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கேட்க யாருமில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். 1966 மார்ச்சில் சமகூலித் தீர்ப்பு வந்தது. ஆனால் பண்ணையாளர்கள் தயாராக அவகாசம் வேண்டும் என்று 1968 டிசம்பர் வரை தள்ளிவைக்கப்பட்டது. 1966 ஆகஸ்ட்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் இருநூறு குரின்ஜி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு நடந்து வெளியேறினார்கள். கூலிக்காகத் தொடங்கியது நிலத்துக்கான போராட்டமானது. 1975 ஆகஸ்ட்டில் பிரதமர் கஃப் விட்லம் லிங்கியாரியின் உள்ளங்கையில் மண்ணை அள்ளி ஊற்றி நிலத்தை ஒப்படைத்தார். ஒர்க்கிங் ஹாலிடே திட்டம் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேட்பாரற்ற தொலைவில் கூலி என்ன ஆகும் என்பதற்கு அந்த நாட்டிடமே பாடம் இருந்தது. அதைப் படித்த பிறகும் 88 நாள் விதியை எழுதியபோது கண்காணிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள் என்கிறேன்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாகவே வரும். இவர்கள் கொத்தடிமைகள் அல்ல. கையில் பாஸ்போர்ட் இருக்கிறது, பிடிக்காவிட்டால் மறுநாளே விமானம் ஏறலாம், போதாததற்கு இந்த விசா யாரையும் ஒரு முதலாளியிடம் கட்டிப்போடுவதில்லை. உண்மைதான். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோரின் நிலையோடு இதைச் சமப்படுத்துவது அவர்கள் பட்ட பாட்டுக்கு அவமரியாதை. ஆனாலும் ஓர் அமைப்பின் சாயல் கண்ணில் படாமல் போகாது. இலங்கையில் கங்காணி ஆள் கொண்டுவருவார். முன்பணக் கடன் தலையில் இருக்கும். துரை கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. அந்தத் துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. அடுத்த படிக்குப் போகும் வழியை முதலாளியின் கையெழுத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம். விமானம் ஏறிவிடலாம் என்பவர்கள், அறுபது நாள் வேலை செய்து முடித்தவர் கிளம்பினால் இரண்டாம் ஆண்டு விசா கைநழுவும் என்பதை மறக்கிறார்கள். வெளியேற முடிவது வேறு, வெளியேறினால் எதை இழக்கிறோம் என்பது வேறு.

இரண்டாவது மறுப்பு தோப்புக்காரர்களுடையது. குதிரைக் கப்பல்கள் வழியாக இந்தியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கென்சிங்டன் பிரைட் மாம்பழம், டார்வின் பக்கம் பழுப்பது செப்டம்பர் கடைசியிலிருந்து சில வாரங்கள்தான். மாங்காய்ப் பால் தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் கையுறை, முழுக்கைச் சட்டை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அத்தனையும் போர்த்திக்கொண்டு பறிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பழம் மரத்தடியில் அழுகும். இந்தத் தேவை பொய்யில்லை. 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை மூடிய நாடே, அந்தச் செப்டம்பரில் மாம்பழம் பறிக்க வனுவாட்டுவிலிருந்து சுமார் 160 பேரைத் தனி விமானத்தில் டார்வினுக்கு வரவழைத்தது. ஆனால் இந்த உதாரணம் தோப்புக்காரர் வாதத்தை விட என் வாதத்துக்கே அதிகம் துணை நிற்கிறது. ஆள் அவ்வளவு அரிது என்றால் கூலி ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் தடுத்தது, வேலையாள் பக்கத்துத் தோப்பில் என்ன தருகிறார்கள் என்று போய்க் கேட்க முடியாத தொலைவு; கேட்டாலும் மாறத் தயங்க வைக்கும் 88 நாள் கணக்கு.

மூன்றாவதாக, சட்டம் இப்போது திருந்திவிட்டதே என்பார்கள். பெருமளவு திருந்தியிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் சம்பளச் சீட்டு இல்லாத வேலை 88 நாளில் சேராது. அதனால் சோற்றுக்கும் படுக்கைக்கும் மட்டும் உழைக்க வைப்பது குறைந்தது. 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. அதே ஆண்டு ஜூலையில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது; நிரந்தரமில்லாத கேஷுவல் வேலைக்கு அதன்மேல் 25 சதவீதம். ஆனால் சட்டம் கான்பெராவில் இயற்றப்படுகிறது. தோப்பு கேத்தரினில் இருக்கிறது. பூங்கா ஊழியர் 11 மணிக்கு நடைபாதையை மூடுவதுபோல, குறைந்த கூலி கொடுக்கும் தோப்பின் கேட்டை யாரும் அன்றைக்கே மூடுவதில்லை. புகார், விசாரணை, தீர்வு எல்லாம் மாதக்கணக்கில் போகும். வந்தவரின் விசாவோ ஓராண்டுதான்.

கடைசி மறுப்பு கொஞ்சம் புத்திசாலித்தனமானது: வெயிலில் ஏன் பறிக்க வேண்டும், விடுதியில் சேர்ந்துகொள்ளலாமே? இந்தியர்களுக்கான விசாவில் வடக்குப் பிரதேசம் முழுவதும் விடுதி, சுற்றுலா வேலைகளும் 88 நாளில் சேரும். இது உண்மையிலேயே நல்ல வழி. நானும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் பருவத்தைப் பார்த்துப் போக வேண்டும். ககாடு வட்டாரத்தின் பினிஞ் மக்கள், நம் முன்னோரைப் போலவே, ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேலைச் சந்தைக்கு அதில் இரண்டு முகம் போதும். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட, குளிர்ந்த மாதங்களில் பயணிகள் குவிவார்கள், விடுதிகள் ஆள் தேடும். அக்டோபருக்குப் பின் பிரதேசத்தின் வடபகுதியில் புழுக்கம், பிறகு மழை; சாலைகள் மூழ்கும், சுற்றுலா வேலைகள் கரையும். ஆகஸ்ட்டில் வந்து இறங்குகிறவருக்கு விடுதி வேலையில் 88 நாள் முடிவதற்குள் பருவம் முடிந்துவிடும். மிச்ச நாளுக்கு அவர் எந்தத் தோப்பு, எந்தக் கூலி என்று பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார். ஏப்ரலில் வருகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. விடுதியிலும் தொலைவு தொலைவுதான். உளுருவுக்குப் பக்கத்து யுலாராவைப் போன்ற ஊர்களில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பின்னியவை. வேலை போனால் வீடும் போகும்.

ஆகவே போகாதே என்று யாரையும் தடுப்பது என் நோக்கமல்ல. பாலைவனப் பாதையில் இறங்குகிறவர் இரண்டு நாள் தண்ணீர் அதிகமாக எடுத்துக்கொள்கிறார், போன் எடுக்காத இடத்துக்கு அவசர பீக்கன் கொண்டுபோகிறார், எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். வேலைக்கும் இதே மூன்றுதான் வேண்டும். முதலாளியின் தயவில்லாமல் பக்கத்து நகரம்வரை போய் இரண்டு வாரம் தங்குவதற்கான பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது. வாரந்தோறும் சம்பளச் சீட்டையும் வேலை செய்த மணிக்கணக்கையும் தன் வசம் சேர்த்துவைப்பது. எந்தத் தோப்பில், யார் மூலம் சேர்ந்தோம் என்று வெளியே ஒருவருக்குத் தெரியப்படுத்துவது. வேலை தருவதற்கு முன் பணம் கேட்கிற இடத்துக்குப் போகவே கூடாது. இவை தனிமனிதன் செய்யக்கூடியவை. இதை வைத்துக்கொண்டு அரசு கைகழுவிவிடக் கூடாது. 36 டிகிரிக்கு ஒரு பாதையை மூடத் தெரிந்த நாட்டுக்கு, 88 நாள் வேலையின் சான்றை முதலாளியிடமிருந்து பிரித்து வரிக்கணக்கிலிருந்தே நேராக எடுத்துக்கொள்வது முடியாத காரியமல்ல. அதுவரை இந்தத் தொலைவுக்கு ஆகும் செலவைப் போகிறவர்தான் சுமக்க வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொண்டு போகிறவருக்கே அந்த நிலம் முழுதாகக் கிடைக்கும். அடுத்த பகுதியில் மேற்கே திரும்பி, கிம்பர்லி மாட்டுப் பண்ணைகளின் வழியே போகும் கிப் ரிவர் சாலையைப் பார்ப்போம்.