இறக்கத்துக்கு ஒரு வண்டி

போனக்காடு, கேரளத்து மலைத் தேயிலை எஸ்டேட். பஸ் வந்து திரும்புகிற மைதானம். நட்டநடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது.

இரண்டு சக்கரம். ஒரு கதவு. ஜன்னலில் பூப்போட்ட திரை. முன்பக்கம் முக்கோணமாக நீளும் இரும்புச் சட்டம், அதன் நுனியில் கொக்கி, கொக்கியைத் தாங்க ஒரு குட்டிச் சக்கரம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். காஸ் அடுப்பு உண்டு. கை கழுவத் தொட்டி உண்டு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. முதுகில் தற்காலிகப் பதிவு எண் எழுதிய தாள். எஞ்சின் இல்லாவிட்டாலும் இழுவண்டிக்குத் தனி நம்பர் வேண்டும்.

பக்கத்தில் மூன்று கார்கள். இன்னோவா கிரிஸ்டா, தார், இசுசு வி-கிராஸ். மூன்றுக்கும் பின்னால் புதிதாக வெல்டிங் வைத்த கொக்கிக் குமிழ்.

பெட்டியை மேலே கொண்டுவந்தது இன்னோவா. இப்போது அதன் பானெட் திறந்திருக்கிறது. கருகிய கிளட்ச் வாடை டீக்கடை வரை வருகிறது.

கார்களுக்கு மூன்று சொந்தக்காரர்கள். திருவனந்தபுரத்து ஆட்கள். மூவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, ஒரே கடையில் வாங்கிய தொப்பி. பெட்டி மூவருக்கும் பொது. அதை யார் வண்டி இழுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிப்பட்ட பெட்டிக்குக் கேரவன் என்று பெயர். கேரள அரசு கேரவன் கொள்கையை அறிவித்தது 2021இல். வாகமனில் முதல் கேரவன் பார்க் 2022 பிப்ரவரியில் திறந்தது. விளம்பரப் படங்களில் வருபவை தானே ஓடும் வண்டிகள். எஞ்சினும் படுக்கையும் கழிப்பறையும் ஒரே உடம்பில். இந்தப் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொப்பிக்காரர்களில் ஒருவர் கையில் நோட்டு. கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். முறுக்குவிசை: இன்னோவா 343, தார் 300, வி-கிராஸ் 360 நியூட்டன் மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி: 2750, 2450, 3095 மில்லிமீட்டர். பெட்டி, சாமான்களோடு 950 கிலோ. கீழே ஒரு குறிப்பு. இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்தைப் பெட்டி தாண்டக் கூடாது. புதிதாக இழுப்பவர்களுக்குப் பிரிட்டனில் சொல்லும் கணக்கு. இங்கே பாதியை ஒட்டித்தான் வருகிறது. மூன்று வண்டிக்கும் டிக்.

இன்னொரு வரி. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய இழுவண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். இந்தப் பெட்டிக்கு உள்ளது நிறுத்தி வைக்கிற கை பிரேக் மட்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

டீக்கடை பெஞ்சில் ஒரு கிழவர். மப்ளர், காக்கிச் சட்டை. எஸ்டேட் ஓடிய காலத்தில் டிராக்டர் ஓட்டியவர். கொழுந்து மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றி பேக்டரிக்கு இறக்கியவர். பேக்டரி மூடிக் கிடக்கிறது. தொழிலாளர் லயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் டீ வருகிறது. தூள், கீழே விதுராவில் வாங்கிய பாக்கெட் தூள்.

பைக்கில் இரண்டு பையன்கள் வந்து நிற்கிறார்கள். 25 ஜிபி என்கிற பேய் பங்களா எந்தப் பக்கம்? கிழவர் வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் மேட்டைக் காட்டுகிறது. பைக் போகிறது.

நோட்டுக்காரர் குளியலறை எடை மெஷினைத் தரையில் வைக்கிறார். மேலே ஒரு மரக்கட்டை, கட்டைமேல் பெட்டியின் மூக்கு. மூவரும் குனிகிறார்கள். முள் 40இல் நிற்கிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி மூக்கில் இறங்க வேண்டும். மூக்கு லேசானால் வேகத்தில் வால் ஆடும்.

கிழவர் எழுந்து வருகிறார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை. பின்னால் குனிந்து பார்க்கிறார்.

"தண்ணிய எதுக்கு வாலுல வச்சிருக்கீங்க?"

அறுபது லிட்டர் டாங்க். அச்சுக்குப் பின்னால், பம்பருக்குப் பக்கத்தில். மலையாளத்தில் விளக்கம் வருகிறது. தமிழில் பதில் போகிறது. இரு பக்கமும் தடங்கல் இல்லை.

"மூட்டைய முன்னாலதான் அடுக்கணும் சார். பின்னால ஏத்துனா டிராக்டரோட வாலத் தூக்கிரும்."

குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீர் மைதானத்தில் ஓடுகிறது. லயத்துப் பையன் ஒருவன் காலை நீட்டிக் கழுவிக்கொள்கிறான், ஒன்று முடிந்ததும் மற்றது. காஸ் சிலிண்டர் அடுப்படியிலிருந்து மூக்குச் சட்டத்துக்கு வருகிறது. உள்ளே 14.2 கிலோ காஸ், வெளியே ஏறக்குறைய அதே அளவு இரும்பு. கயிறு கட்டுகிறார்கள். மறுபடி எடை மெஷின். 88. நோட்டுக்காரர் இரண்டு தடவை அடிக்கோடு போடுகிறார்.

முதலில் தார். மாட்டுகிறார்கள். சங்கிலி, விளக்கு வயர், பூட்டு. அகத்தியர்கூடம் போகிறவர்கள் முதுகுப் பையோடு நின்று பார்க்கிறார்கள். 1868 மீட்டர் மலைக்கு நடக்க வந்தவர்கள், படுக்கையோடு கிளம்பும் வண்டிக்கு வழிவிடுகிறார்கள்.

தார் இறக்கத்தில் மறைகிறது. பிரேக் விளக்கு மரங்களுக்கு இடையே அணைவதே இல்லை. கீழே அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு வந்து சேரக் கால் மணி நேரம். ஓட்டியவர் இறங்குகிறார். தொப்பி இல்லை. நெற்றியில் வேர்வை.

"தள்ளுது" என்கிறார். வளைவில் பெட்டி பின்னாலிருந்து முட்டுகிறது, தாரின் வால் விலகுகிறது. நீளம் குறைந்த வண்டி. நோட்டில் 2450ஐச் சுற்றி ஒரு வட்டம்.

"இழுக்கிறது பெரிசில்ல சார்" என்கிறார் கிழவர். "எறக்கத்துல யாரு புடிக்கிறது?"

அடுத்தது வி-கிராஸ். கிழவர் ஜன்னலில் கை வைக்கிறார். ஏறுகிற கியரிலேயே இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே போகக் கூடாது. மிதித்தால் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. ஓட்டுபவர் நாலு சக்கரத்துக்கும் மெதுவான கியர் போடும் 4எல் குமிழைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமுகிறது. வண்டி ஊர்கிறது. பிரேக் விளக்கு எரியவில்லை.

நோட்டுக்காரர் இன்னோவாவைப் பார்க்கிறார். அதில் 4எல் இல்லை. இன்னோவா அவருடையது.

வி-கிராஸ் திரும்பி வருகிறது. பெட்டி தள்ளவில்லை. ஆனால் இடது சக்கரத்தில் சேறு, புல், ஒரு தேயிலைக் கிளை. நீளமான வண்டி, பின்னால் நீளமான பெட்டி. வளைவில் பெட்டி உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியிருக்கிறது.

"நீங்க வெளிய போய்த் திரும்பணும். அது உள்ள வரும்."

பஸ் ஹாரன்.

கேஎஸ்ஆர்டிசி வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அரிசிப் பை, மண்ணெண்ணெய் கேன், ஒரு கோழி. பஸ் திரும்ப இடமில்லை. கண்டக்டர் இறங்கிப் பெட்டியைப் பார்க்கிறார். திரையை விலக்கி உள்ளேயும் பார்க்கிறார்.

வி-கிராஸ் ரிவர்ஸ் எடுக்கிறது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தால் பெட்டி இடது பக்கம் போகிறது. இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம். மூன்று பேர் மூன்று விதமாகக் கை காட்டுகிறார்கள். பெட்டி மடங்கி வண்டியின் பம்பரைத் தொடுகிறது. மறுபடி முன்னால். மறுபடி பின்னால். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைக்கிறார்.

பைக் பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பேய் இல்லை. போனில் படம் எடுக்க இது கிடைத்திருக்கிறது.

கொக்கியைக் கழற்றுகிறார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பையைக் கீழே வைக்கிறார்கள். டீக்கடை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். கண்டக்டர் மூக்குச் சட்டத்தைப் பிடிக்கிறார். பத்துப் பன்னிரண்டு கைகள். ஐலசா இல்லை, ஒன்றுமில்லை. பெட்டி குட்டிச் சக்கரத்தில் உருண்டு ஓரமாகப் போய் நிற்கிறது. கிழவர் டயருக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுக்கிறார். பஸ் திரும்புகிறது.

மூன்று தொப்பிகளும் கூடிப் பேசுகின்றன. பெட்டி வி-கிராஸுக்கு. முதல் வேலை பெட்டிக்குத் தனி பிரேக். நினைத்திருந்த மைசூர் பயணம் அதற்கு அப்புறம். பட்டறைக்குப் போன் போடுகிறார்கள். சிக்னல் இல்லை. நேரில்தான் போக வேண்டும்.

டயருக்கு அண்டக் கொடுக்க, கிழவர் லயத்துப் பையனிடம் ஒரு கட்டையைக் கொடுக்கிறார். எஸ்டேட் லாரியில் கிளீனர் இதைத் தூக்கிக்கொண்டுதான் பின்னால் ஓடுவான்.

வி-கிராஸ் முதல் கியரில் இறங்குகிறது. பின்னால் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் கட்டையோடு பையன். அவனுக்கு ஓட வேண்டிய வேலையே இல்லை. நடக்கிறான். கொஞ்ச தூரத்தில் நடையும் அதிகமாகிறது. ஒதுங்கி நின்று ஒரு நெல்லி பறிக்கிறான். கடித்துக்கொண்டே நாலு எட்டு வைக்கிறான். பெட்டியைத் தாண்டிவிடுகிறான்.

ஜன்னல் கண்ணாடி இறங்குகிறது. நோட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி, அவன் பின்னால்தான் வர வேண்டும் என்கிறார்.

"நீங்க போங்க சார்" என்கிறான் பையன். "வளைவுல நிக்கேன்."