பழைய டிரெய்லருக்கு ஒரு புது சமையல் மேடை

1/ மூச்சுக்கு எதிரி சிகரெட் புகையும் வண்டிப் புகையும் மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்காக இந்த நீண்ட இழை. விஷயம், நான் ஒரு சமையல் மேடையை மாத்தினது. பொறுமையா படிங்க, உங்க வீட்டுக்கும் இது ஆகும்.

2/ நான் இருக்கறது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில். 1964-ல் செய்த ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கினோம். காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. 13 அடி நீளம். அதுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம். கோடையில் குடும்பத்தோட ஊர் சுத்தத் திட்டம்.

என் பொண்ணுக்கு 7 வயசு. வீசிங் இருக்கு, தினமும் இன்ஹேலர். அந்த மேடையிலிருந்து நாலு அடி தள்ளித்தான் அவ படுக்கணும்.

3/ சிங்க் ஓரமா பல வருஷம் தண்ணி இறங்கி, மேடைப் பலகை ஊறிப் போயிருந்தது. மேலே ஒட்டின லேமினேட் (நம்ம ஊர்ல சன்மைக்கான்னா எல்லாருக்கும் புரியும்) எழும்பி நின்னது. அடியில் கறுப்பா பூஞ்சை. வீசிங் உள்ள குழந்தைக்குப் பூஞ்சை ஆகவே ஆகாது. மாத்தித்தான் ஆகணும்.

4/ பயப்பட வேண்டியது அந்த லேமினேட் தகட்டுக்கு இல்ல. 1912-ல் ஃபேபர், ஓ'கானர்னு இரண்டு பேர் மின்சாரக் கருவிகளில் மைக்காவுக்கு மாற்றாக் கண்டுபிடிச்ச பொருளோட வாரிசு அது. ஃபார்மைக்காங்கிற பேரே அப்படி வந்ததுதான். ரெசினில் ஊறின காகிதங்களை அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கினது. நல்லா இறுகின தகட்டிலிருந்து பெரிசா எதுவும் வெளியே வராது.

கவலை இரண்டு: அடியில் போடுற புதுப் பலகை, ஒட்டுற பசை.

5/ முதல்ல பலகை. மரத்தூளை அழுத்திச் செய்யற பலகைகளில் யூரியா-ஃபார்மால்டிஹைட் பசை அதிகம். புதுசா இருக்கும்போதுதான் வாயு நிறைய வரும். வெயிலும் ஈரமும் சேர்ந்தா இன்னும் கூடும். வெயிலில் நிக்கற டிரெய்லர் எப்படிச் சுடும்னு யோசிச்சுப் பாருங்க.

2005-ல் கத்ரீனா புயலில் வீடு இழந்தவங்களை அமெரிக்க அரசு டிரெய்லர்களில் குடி வச்சது. கண் எரிச்சல், இருமல், மூச்சுத் திணறல்னு புகார்கள் வந்தன. சிடிசி 519 டிரெய்லர், மொபைல் வீடுகளில் காற்றைச் சோதிச்சு 2008-ல் முடிவைச் சொன்னது. சராசரியா நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு ஃபார்மால்டிஹைட். சாதாரண வீடுகளைவிடப் பல மடங்கு. 2010-ல் பலகைகளுக்கு வரம்பு வச்சு அங்கே சட்டமே வந்தது.

அதனால நான் எடுத்தது ஃபினாலிக் பசையில் செய்த பிளைவுட். இதிலிருந்து வாயு ரொம்பக் குறைவு. தண்ணியும் தாங்கும்.

6/ அடுத்து பசை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிட்டயர்டு கார்பென்டர். "டாக்டர், கான்டாக்ட் சிமென்ட் இருக்கு. உள்ளேயே வச்சு அரை மணியில் ஒட்டிடலாம்"னு டப்பாவோட வந்துட்டார். அது ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, வச்சா உடனே பிடிச்சுக்கும்.

அந்தக் காயற நேரத்தில் சால்வென்ட் எல்லாம் காற்றுக்குத்தான் வரும். சில பசைகளில் டொலுயீன், சிலதில் ஹெக்சேன். 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டின தொழிலாளர்களுக்குக் கால் மரத்துப் போய், அப்புறம் தசை பலவீனம் ஆனது ஹெக்சேனால்தான். அவங்க மாசக்கணக்கா அந்தக் காற்றில் இருந்தவங்க. ஒரு நாள் வேலையில் நமக்கு அப்படி ஆகாது. ஆனா 13 அடிப் பெட்டிக்குள் தலைசுற்றலும், வீசிங் குழந்தைக்கு இழுப்பும் வரலாம். பைலட் சுடர் எரிஞ்சா ஆவி தீயே பிடிக்கும்.

7/ "உள்ளே வேண்டாம் சார்"னு சொன்னேன். நம்ம ஊர் ஆசாரி முறைதான் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பசையைத் தடவி, மேலே பாரம் ஏத்தி, ஒரு ராத்திரி அப்படியே விடுவார். அவசரமே கிடையாது. அந்தப் பசையில் இருக்கறது பெரும்பாலும் தண்ணிதான். அதிலேயே ஈரம் தாங்கும் வகையா வாங்கினேன்.

8/ கழற்றினதுதான் பெரிய வேலை. இந்தக் கால டிரெய்லர்களை உள்ளிருந்து வெளியே கட்டுவாங்க. முதல்ல அலமாரி, அப்புறம்தான் வெளித் தகடு. சில ஸ்க்ரூ தலைகள் தகட்டுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு இருந்தன. மெல்லிய ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தோம்.

அலமாரிக்குள் எலிப் புழுக்கை. அமெரிக்காவில் இதில் ஹன்டா வைரஸ் இருக்கலாம். காய்ஞ்சதைப் பெருக்கவே கூடாது. 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணி கலந்து நனைச்சு, 5 நிமிஷம் விட்டு, கையுறை போட்டுத் துடைச்சேன்.

9/ பழைய மேடையையே அச்சா வச்சுப் பலகை வெட்டினோம். ஒட்டினது வெளியே, புல்வெளியில். பாரத்துக்கு இரண்டு சிமென்ட் கல், ஹாரிசன் மெடிசின் புத்தகத்தின் இரண்டு தொகுதி. பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "இது நல்ல கனம்தான்" என்றார். மறுநாள் ஓரம் சீவி, அலுமினியப் பட்டை அடிச்சு, சிங்க் ஓரத்தை சீலன்ட் வச்சு அடைச்சோம். இரண்டு வாரம் ஜன்னல் திறந்தே கிடந்தது. அதுக்கப்புறம்தான் பொண்ணு உள்ளே தூங்கினா.

10/ உங்க வீட்டில் புது மாடுலர் கிச்சனோ வார்ட்ரோபோ போடறீங்களா?

- பலகையில் எந்தப் பசைன்னு கேளுங்க. பிடபிள்யூபி வகைக்கு ஃபினாலிக் பசைதான்.
- ஒட்டற வேலையை முடிஞ்சவரை மொட்டை மாடியிலோ வராண்டாவிலோ வைங்க.
- வேலை முடிஞ்ச அன்னிக்கே குழந்தையையோ ஆஸ்துமா உள்ளவங்களையோ அந்த ரூமில் படுக்க வைக்காதீங்க. ஏசி போட்டு மூடாதீங்க. சில வாரம் காற்றோட விடுங்க.
- தினமும் ரப்பர் பசையில் வேலை செய்யற தம்பிகளுக்குக் கால் மரத்தா, சுகர் டெஸ்டோட நிறுத்தாம, தொழிலையும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் அவங்க சொல்லணும்.

புது வாசனைன்னு நாம ரசிக்கிறது பல நேரம் வாசனை இல்ல, வாயு. ஜன்னலைத் திறங்க. அதுக்குக் காசு ஆகாது.