சோளகக் காற்றில் ஓர் ஆட்டம்

கடந்த ஞாயிறன்று ஓர் உதைபந்தாட்டத்தைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போய் வந்தேன். கிண்ணமோ, பத்திரிகையில் இரண்டு வரிச் செய்தியோ கிடைக்காத ஆட்டம். எருக்கலம்பிட்டி இளைஞர்களுக்கும் பள்ளிமுனை இளைஞர்களுக்கும் இடையிலான சிநேகபூர்வப் போட்டி. எருக்கலம்பிட்டியின் பந்துக்காப்பாளன் என் நண்பனின் மருமகன். நண்பன் வரச் சொன்னான், போனேன்.

அவனும் நானும் யாழ். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். கலைப்பீட அணிக்கு அவன் பந்துக்காப்பாளன். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று குறை சொல்பவன். (அப்பழக்கமே பின்னர் தொழிலாயிற்று.) 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அவன் ஊருக்குப் போனான். அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினர். நான் அப்போதுதான் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். அது பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுத இயலாத காலம் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய்யல்ல. ஆனால் பிறகு கொழும்பில் வேலை பார்த்த ஆண்டுகளில், புத்தளத்துக்கு பஸ் ஏற என்னை எவரும் தடுக்கவில்லை. நான் ஏறவில்லை.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னார்ப் பயணம் இலகுவாகிவிட்டது. பூநகரி, வெள்ளாங்குளம், விடத்தல்தீவு என்று வெளிகளைக் கடந்து, தாம்போதியில் ஏறும்போதே காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. நகரத் தெருக்களில் வழமைபோலக் கழுதைகள். நண்பன் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான். அரபு வணிகர்கள் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தைச் சுற்றிப் பார்த்தோம். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பிளேன்ரீ குடித்துவிட்டு மைதானத்துக்குப் போனோம்.

சோளகம் ஆளைத் தூக்கும் வேகத்தில் வீசியது. இத்தகைய நாளில் நாணயச் சுழற்சியே பாதி ஆட்டம். காற்றோடு ஆடும் பாதியில் கோல் அடித்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். எதிர்த்து ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டுபோக வேண்டும். பள்ளிமுனைப் பிள்ளைகள் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். காற்றை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இலங்கைத் தேசிய அணிக்கு ஆடி, 2022இல் மாலைதீவில் காலமான டக்சன் பியூஸ்லஸும் மன்னார் தந்த வீரர்தான். எல்லைக்கோட்டருகே நின்ற முதியவர் ஒருவர் அவர் பெயரை, சொந்தப் பிள்ளையின் பெயரைப்போலச் சொன்னார்.

மருமகன் புத்தளத்தில் பிறந்தவன். அவன் உயர உதைத்த பந்தொன்று நடுக்கோட்டை எட்டாமல் காற்றில் நின்று, திரும்பி வந்து, எதிரணி வீரன் காலடியிலேயே விழுந்தது. கோல்! நண்பன் தலையில் கை வைத்தான்.

இடைவேளையில் தொடங்கினேன்: "மச்சான், அந்த நேரம் நான் உனக்கு…"

"இரண்டாம் பாதி இவங்களுக்குக் காத்து. பார், ரெண்டு போடுவாங்கள்" என்றான் அவன், மைதானத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

ஒன்றுதான் போட்டார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வியர்வையோடு வந்த பையன் என்னிடம் கேட்டான்: "சேர், மாமா கெம்பஸில நல்லா விளையாடுவாரா?"

"ஒரு பந்தும் உள்ளே போகாது" என்றேன்.

"பொய் சொல்றான்" என்றான் நண்பன். "மருத்துவபீடத்தோட மூணு வாங்கினேன். இவனும் வெளியில நிண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தான்."

பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டபோது, அடுத்த ஆட்டம் எருக்கலம்பிட்டியில் என்றான். திகதி இன்னும் முடிவாகவில்லையாம்.