லா போர்த்: வீதிக்கும் குடும்பத்துக்கும் ஒரே பெயர்

லா போர்த் பிரான்சில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். அமெரிக்காவில் இந்தியானா, டெக்சாஸ் மாநிலங்களில் அதே பெயரில் ஊர்கள் உள்ளன. புதுச்சேரியில் அது ஒரு வீதியின் பெயர். ஒரு தமிழர் தமக்கும் தம் சந்ததிக்கும் சூட்டிக்கொண்ட பெயரும்கூட.

அவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து வழக்காட வந்த அவரைப் புதுச்சேரி நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு பாரிஸின் உச்ச முறையீட்டு மன்றம் வரை போய், அவருக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் 1881 செப்டம்பர் 21இல் வெளியான பிரெஞ்சு அரசாணை, விரும்பிய இந்தியர் தங்கள் சாதி, சமய வழக்கங்கள் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தது. அப்படி வந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. பரம்பரையாகத் தொடரும் குடும்பப் பெயர் ஒன்றையும் பதிய வேண்டும். பொன்னுத்தம்பி, வாயில் எனப் பொருள்படும் லா போர்த்தைத் தேர்ந்தார்.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இடும் தமிழ் முறையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னெழுத்து மாறும். பிரெஞ்சுப் பதிவேட்டுக்கோ தாத்தா முதல் பேரன் வரை மாறாத பெயர் தேவை. ரெனோன்சான்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் துறப்பை எதிர்த்தனர். 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், ரெனோன்சான், ஏனைய இந்தியர் என மூன்றாகப் பிரிந்தது. புதுப் பெயருடன் வந்த குடியுரிமை, சைகோன் முதலிய இந்தோசீன ஊர்களில் அரசுப் பணிக்குப் போகவும் பலருக்கு உதவியது.

குடும்பப் பெயர் ஊரில் இடப்பெயரானதற்குக் குபேர் நல்ல சான்று. பிரெஞ்சு–இந்தியக் கலப்புக் குடும்பத்தில் பிறந்த எதுவார் குபேர், 1954இல் இந்திய இணைப்பின் பக்கம் திரும்பி, 1963இல் முதலமைச்சரானார். கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் இன்று அவர் பெயரில் வழங்குகின்றன. பிரெஞ்சு எழுத்தில் உள்ள பெயரைத் தமிழ் நாக்கு செல்வத்தின் தெய்வத்துக்கு உறவாக்கிவிட்டது.

புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் 1956 இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் பெற்றனர். சில ஆயிரம் பேர் அவ்வாறு செய்தனர். ‘சொல்தா’ எனப்படும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் அரசு ஊழியர்களும் அவர்களுள் முக்கியமானோர். பிறகு பலரின் குடும்பங்கள் பிரான்சில் குடியேறின.

அங்கே புதுச்சேரித் தமிழர் பெயர்கள் இருவகைப்படும். ரெனோன்சான் வழியினர் தேர்ந்தெடுத்த குடும்பப் பெயருடன் இருப்பர். பிரெஞ்சுப் பெயரோ கிறிஸ்தவப் பெயரோ கொண்டவரைப் பட்டியலில் பார்த்துத் தமிழரென அறிவது கடினம். தனிச்சட்டத்தைத் துறக்காமலே குடியுரிமை கொண்டவர்களுக்கோ, தந்தை அல்லது தாத்தாவின் இயற்பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. அதனால் ஊரில் ஒருவரைக் கூப்பிட்ட பெயர், பிரான்சில் அவர் பேத்தியின் கடவுச்சீட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் குடும்பப் பெயராகத் தொடர்கிறது.