கடைசியில சொல்லுவாங்க

காலையில நாவலூர் ஃபிளாட் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் ஃபோன்ல வானொலி நாகஸ்வரம். தோடி.

"யாரு அண்ணே வாசிக்கிறது?"

"கடைசியில சொல்லுவாங்க சார், இருங்க."

இருந்தேன். ஓஎம்ஆர்ல கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுட்டே இருந்துச்சு.

சொன்னாங்க. வித்வான் பேரு, ராகம், தாளம். அதோட விடல. தவில் வாசிச்ச ரெண்டு பேரோட பேரும், நிறுத்தி நிதானமா.

வானொலியில எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். வயலின் யாரு, மிருதங்கம் யாரு, கடம் யாருன்னு சொல்லாம ஒரு கச்சேரியை முடிக்க மாட்டாங்க. பாட்டுச் செயலிகள்ல பெரும்பாலும் பாடகர் பேரோட சரி. பக்கவாத்தியக்காரங்க எங்கயோ காணாமப் போயிடறாங்க.

ஆலாபனை நடுவுல விளம்பரம் வராதுங்கறது இன்னொரு பெரிய நிம்மதி.

சென்னை வானொலி நிலையம் 1938-ல ஆரம்பிச்சது. சபா டிக்கெட் வாங்க முடியாத எத்தனையோ வீடுகளுக்குக் கச்சேரி போய்ச் சேர்ந்தது இப்படித்தான். ஆடிஷன்ல பாஸ் பண்ணி பி, பி-ஹை, ஏ, ஏ-டாப்னு ஒவ்வொரு கிரேடா ஏறி வந்தவங்க வாசிச்ச கச்சேரிகள். திருவையாறு பஞ்சரத்னத்தை வீட்டுல உக்காந்து நேரடியா கேட்டதும் வானொலியாலதானே?

2016 ஜனவரி 26-லேர்ந்து ஆகாசவாணி 'ராகம்'னு தனி அலைவரிசையே நடத்துது. கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி ரெண்டும், 24 மணி நேரமும்.

அது நியூஸ் ஆன் ஏர் செயலியில இலவசமா வருது. இன்னைக்கே இறக்கிக்கோங்க. கேட்டா, கடைசி அறிவிப்பு வரைக்கும் கேளுங்க ப்ளீஸ்.

உங்க வீட்டுல யாராவது இன்னும் வானொலிக் கச்சேரி கேக்கறாங்களா?